கைப்பழக்கமும் கணினித் தமிழும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் பாடுபொருள் பற்றியோ யாப்புப் பற்றியோ பேசுவது மரபு. இவ்வுரை எடுத்துக்கொண்டிருப்பது அவ்விரண்டிற்கும் முற்பட்ட ஒன்று. கவிதையை எழுதிவைக்கும் கருவி பற்றியது. ஓலையும் எழுத்தாணியும், தாளும் பேனாவும், ஈய எழுத்தும் அச்சுப்பொறியும், விசைப்பலகையும் திரையும் எனக் கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எழுதுபவரின் கை பழகிய ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது. மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வந்ததும், நேற்றுவரை இருந்த பட்டியல் இன்று காணாமற்போவதும், பழகிய எழுத்துரு திரையில் தோன்ற மறுப்பதும் இக்காலத்து எழுத்தாளர் அனைவரும் அறிந்த துன்பம். இதனைச் சிறு எரிச்சல் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. தமிழைப் பொறுத்தவரை இவ்வெரிச்சலுக்குள் ஒரு பெரிய இழப்பும் மறைந்திருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. விரலின் நினைவு

தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். பல்லாண்டு பயின்ற வைணிகர் மெட்டுகளைப் பார்த்து வாசிப்பதில்லை. எந்தச் சுரம் எங்கே என்பதை விரல் அறியும். மனம் இராகத்தில் இருக்கும். ஒருநாள் காலையில் வீணையை எடுக்கும்போது, எவரோ இரவோடிரவாக நான்கு மெட்டுகளை இடம்மாற்றி, இரண்டை நீக்கி, 'இது மேம்படுத்தப்பட்ட வீணை' என்று எழுதி வைத்திருந்தால் அவர் நிலை என்னாகும்? வாசிக்கத் தெரியாதவராக அவர் ஆகிவிடவில்லை. ஆயினும் இராகத்தில் இருந்த மனம் விரலுக்கு இறங்கி வந்துவிடுகிறது. கற்பனை அங்கேயே நின்றுபோகிறது.

கணினியில் எழுதும் கவிஞருக்கும் நேர்வது இதுவே. தட்டச்சுப் பயிலகத்தில் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதித் தேறியவரின் விரல்கள் எழுத்துக்களைத் தேடுவதில்லை. அடுத்த சொல் மனத்தில் எழுமுன் முந்தைய சொல் தாளில் வந்து விழும். விசைகளின் இடம் மாறினாலோ, ஒரு கட்டளை வேறு பட்டியலுக்குள் ஒளிந்துகொண்டாலோ, சொல்லைப் பற்றி எண்ண வேண்டிய நேரத்தில் விசையைப் பற்றி எண்ண நேர்கிறது.

இது தமிழர்க்கு மட்டும் உரிய துன்பமன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆஃபீஸ் தொகுப்பில் பழைய பட்டியல்களையும் கருவிப்பட்டைகளையும் அகற்றி, 'ரிப்பன்' என்னும் புதிய அமைப்பைக் கொணர்ந்தது. பழைய தோற்றத்திற்குத் திரும்பும் வழி அதில் வைக்கப்படவில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 பதிப்பில், திரையின் இடக்கீழ் மூலையில் பல்லாண்டுகளாக இருந்த 'ஸ்டார்ட்' பொத்தான் நீக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த மனக்குறையின் விளைவாக, 2013இல் வந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் திரும்ப வந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவ்வகை மாற்றங்களால் போனது சில நாள் வசதியே. அவர்கள் எழுதி வைத்தது அப்படியே இருந்தது. தமிழில் எழுதியோர்க்கு அவ்வாறு அமையவில்லை. அதன் காரணத்தை அறிய எழுத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

2. ஓலையும் அச்சும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிக்க முயல்வோர் முதலில் தடுமாறும் இடம் புள்ளி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வெழுத்துகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி பெரும்பாலும் இராது. ஓலைச்சுவடியிலும் இதே நிலைதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதனைத் தவிர்த்தனர். ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் வரும். எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் அப்புள்ளி இடம்பெறாமற்போனது.

18ஆம் நூற்றாண்டில், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இக்குழப்பத்திற்குத் தீர்வு கண்டார் என்பது தமிழறிஞர் பலரும் கூறும் செய்தி. நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து, ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் இன்று வழங்கும் வடிவங்களையும் இரட்டைக் கொம்பையும் அவர் வழக்கிற்குக் கொணர்ந்தார். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே காவிரிப் படுகையின் கடைமடையாகிய தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சுக்கூடம் அமைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர்த் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பெயர்ப்பு அங்கே அச்சேறி 1715இல் நிறைவுற்றது. அச்சு வந்தபின் புள்ளி தன் இடத்தைத் திரும்பப் பெற்றது.

பழைய ஏட்டு வடிவத்தைப் படிக்கும் பழக்கம் அருகிய காலத்தில், அவ்வடிவத்தில் இருந்த இலக்கியங்களும் உடன் அருகத் தொடங்கின. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவரும் 1855இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர், 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றியபோது, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று ஓசை கொள்ள இடமிருந்த நிலையில், ஒவ்வொரு சொல்லையும் ஊகித்தும் ஒப்பிட்டும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பழுதுபட்ட சுவடிகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட கொடுமையையும் அவர் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார். விட்டவர்கள் தமிழின் பகைவர் அல்லர். படிக்க இயலாத பொருளை வீட்டில் வைத்து என் செய்வது என்று எண்ணியவர்களே. படிக்கும் வழி அடைபட்டபின் பொருளும் குப்பையாகிவிடுகிறது. இன்றைய கணினிச் சிக்கலை விளங்கிக்கொள்ள இச்செய்தி ஒன்றே போதும்.

3. தட்டச்சுப்பொறியும் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தமும்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளையும் நூற்றுக்கும் குறைவான குறிகளுக்குள் அடக்கியது அவர் செய்த அருஞ்செயல். அதற்காகத் தமிழ் எழுத்து உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. கொம்பு ஒரு விசை. கால் ஒரு விசை. புள்ளி ஒரு விசை. தமிழ்த் தட்டச்சில் புள்ளி விசையை அழுத்தினால் தாள்தாங்கி நகராது. ஆகவே முதலில் புள்ளியை அடித்து, பின்னர் அதன்கீழ் எழுத்தை அடிப்பர். 'கெ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம். கண் காணும் வரிசையிலேயே கை இயங்கியது.

பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தங்களுள் சிலவற்றை, அவர்தம் நூற்றாண்டை ஒட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. துதிக்கை போலச் சுழித்த பழைய ஐகார வடிவமும், காலோடு ஒட்டி மடங்கிய பழைய ஆகார வடிவமும் பாடநூல்களினின்று நீங்கின. அன்றும் மனக்குறை எழுந்தது. பழகிய கைகள் பல ஆண்டுகள் பழைய வடிவத்திலேயே எழுதின. அதற்காக எவரும் அவர்தம் மடலைத் திருப்பி அனுப்பவில்லை. பழைய நூல்கள் நூலகத்தில் இருந்தன. புதிய தலைமுறையும் சிறு முயற்சியால் அவற்றைப் படிக்க முடிந்தது, இன்றும் முடிகிறது. வடிவம் மாறியபோதும் படிக்கும் வழி அடைபடவில்லை என்பதே இச்சீர்திருத்தத்தின் சிறப்பு.

4. எழுத்துருக்களின் காலம்

1980களின் நடுப்பகுதியில் கணினியில் தமிழ் புகுந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு', கனடாவில் 'ஆதமி' என ஆர்வலர்கள் தனித்தனியே முயன்றனர். அன்றைய கணினி ஓர் எழுத்துருவில் 256 இடங்களையே தந்தது. அவற்றுள்ளும் பாதியளவு ஆங்கிலத்திற்கு உரியது. ஆகவே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து எழுத்துருக்கள் செய்யப்பட்டன. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினியின் நினைவிலோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே கிடக்கும். எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கும்.

ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி இடங்களை வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் மகரம் இருந்தது. 1995 ஜனவரியில் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்ற காலம், ஈய எழுத்துக் கோப்பு ஒழிந்து கணினி அச்சுக்கோப்பு நிலைபெற்றுக்கொண்டிருந்த காலம். கும்பகோணத்திலும் தஞ்சையிலும் திருவாரூரிலும் சிறு அச்சகங்கள் 'பேஜ்மேக்கர்' மென்பொருளும் ஓரிரு எழுத்துருத் தொகுதிகளும் கொண்டு தொழில் நடத்தின. அக்காலத்துக் கவிதைத் தொகுப்புகள், சிற்றிதழ்கள், ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள் பெரும்பாலும் அவ்வழியே வெளிவந்தன.

இக்குழப்பத்தை ஒழுங்கு செய்யும் முயற்சிகளும் நடந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ்க் கணினி மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் விளைவாகத் 'தமிழ்99' விசைப்பலகையும் 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. இணையத்தில் இயங்கிய தமிழர் 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் இவ்வகைக் குறியேற்றங்களிலேயே வெளியிட்டது. பின்னர் யுனிகோடிற்கு மாற்றியது.

யுனிகோடு 1991இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 தொடங்கி அது நடைமுறைக்கு வந்தது. 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்ற நாள்களில், தமிழக அரசு யுனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அது பயன்படாத இடங்களுக்கு 'டேஸ்16' என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. யுனிகோடால் விளைந்த நன்மை பெரிது. இன்று கைப்பேசியில் தமிழ் வருவதும், ஒரு சொல்லைத் தேடினால் அச்சொல் கிடைப்பதும், சிட்னியில் எழுதியது சீர்காழியில் பிழையின்றித் தெரிவதும் அதனாலேயே. இவ்வுரை யுனிகோடுக்கு எதிரானது எனக் கருதிவிடலாகாது. நன்மை வந்த வழியில் இழந்தவற்றைக் கணக்கிடுவது வேறு, நன்மையை மறுப்பது வேறு.

5. நீங்கியவை

நீங்கியவற்றுள் முதலாவது, கையின் பழக்கம். தமிழ்99 விசைப்பலகை அறிவார்ந்த அமைப்புடையது. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'ந்த', 'ம்ப', 'ங்க' போன்ற இன எழுத்துகளுக்கும் அவ்வாறே. இலக்கணம் அறிந்தவர் உள்ளம் மகிழும் அமைப்பு. எனினும் பயிலகத்தில் பழைய தட்டச்சு முறையைக் கற்றவருக்கு அது முற்றிலும் புதிய ஊர். கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை, இங்கே மெய்யை அடித்தபின் எகரத்தை அடிக்க வேண்டும். புள்ளியை முன்னர் வைத்த கை பின்னர் வைக்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழ் ஆர்வலர் சிலர் செய்த தொண்டு நன்றியுடன் நினைக்கத்தக்கது. 'இ-கலப்பை', 'என்.எச்.எம். ரைட்டர்' போன்ற இலவச மென்பொருள்கள் பழைய தட்டச்சு முறை, பாமினி முறை, தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை ஆகியவற்றுள் பயனர் பழகியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழிவகுத்தன. உள்ளே செல்வது யுனிகோடு. வெளியே கைக்குப் பழகிய விசை. கலப்பை என்னும் பெயரை இட்டவர்கள் உழவின் நுட்பம் அறிந்தவர்கள் போலும். மண்ணுக்கும் மாட்டுக்கும் ஏற்ப ஏரைத் திருத்திக்கொள்வது உழவர் வழக்கம். ஆயினும் இவ்வகை மென்பொருள்கள் சில தன்னார்வலரின் உழைப்பால் நிற்பவை. இயங்குதளம் மாறும்போதெல்லாம் அவற்றைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். பெருநிறுவனம் தந்த கருவியும் நிலையானதன்று. கணினியில் நிறுவி இணையமின்றியும் பயன்படுத்தத்தக்கதாகக் கூகுள் தந்திருந்த விண்டோஸ் உள்ளீட்டுக் கருவி, பலர் அதற்குப் பழகியபின் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது இழப்பு இன்னும் கடுமையானது. எழுதி வைத்தவையே படிக்க இயலாமற்போவது. பேஜ்மேக்கர் மென்பொருளின் 7.0 பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. அம்மென்பொருள் யுனிகோடை அறியாதது. அதற்கென 1990களில் செய்யப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் பல 'டைப் 1' என்னும் வகையைச் சேர்ந்தவை. 1984இல் அறிமுகமான அவ்வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2021இல் ஃபோட்டோஷாப்பிலும் 2023 ஜனவரியில் இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் முதலியவற்றிலும் நீக்கியது. எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் அப்பெயர்கள் அங்கு இல்லை. கணினியில் அவை நிறுவப்பட்டிருந்தும் மென்பொருள் அவற்றைக் காண்பதில்லை.

1998இல் தம் முதல் தொகுப்பை வெளியிட்ட ஒரு கவிஞர், இன்று மறுபதிப்பிற்கு முயல்வதாகக் கொள்க. அச்சுப் படிகள் தீர்ந்துவிட்டன. அச்சகத்தார் அன்று தந்த கோப்பு எவ்வாறோ குறுந்தகட்டில் தப்பியிருக்கிறது. திறந்தால் வரி பிறழாமல், பத்தி பிறழாமல், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடுக்கி நிற்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அச்சகம் மூடப்பட்டிருந்தால் அதைச் சொல்வார் யார்? புள்ளியில்லா ஓலையை முன்வைத்துக்கொண்டு சாமிநாதையர் அமர்ந்திருந்த நிலைக்கும் இந்நிலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஓலையாவது முந்நூறு ஆண்டுகள் கழித்துப் படிக்க அரிதாயிற்று. கணினிக் கோப்புக்கு இருபத்தைந்து ஆண்டுகளே போதுமாயிருக்கின்றன.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே விசையாக இருந்தன. அப்பழக்கத்தால் 'கௌரி' என்பதைக் கொம்பு, ககரம், ளகரம், ரி என்றே பலர் எழுதினர். யுனிகோடில் 'கெளரி' என்று அமைந்துவிட்ட அச்சொல் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். தேடினால் கிடைக்காது. கணினி வாய்விட்டுப் படித்தால் ளகரத்தையே ஒலிக்கும். 'ஔவை' என்பதற்கு 'ஒளவை' எனவும் இவ்வாறே பதிவாகியுள்ளது. ரகரத்தின் இடத்தில் துணைக்காலை அடித்துவிட்ட கோப்புகளும் உண்டு. ஏட்டில் ரகரமும் காலும் மயங்கிய பழைய மயக்கம், கணினியில் மறுபிறவி எடுத்திருக்கிறது எனலாம். மாற்றி மென்பொருளால் ஒரு நொடியில் மாற்றிவிட்ட நூல்களில் இவ்வகைப் பிழைகள் ஆயிரக்கணக்கில் உறங்கிக்கிடக்க இடமுண்டு. பாட்டின் அசையும் சீரும் எழுத்தெண்ணிக்கையும் பார்ப்போர்க்கு இஃது எத்துணை முக்கியமானது என்பதை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை.

6. கழிப்பவர் யார்?

'மாற்றம் வரத்தான் செய்யும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்' என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. நன்னூலின் இறுதிச் சூத்திரத்தையே சான்று காட்டுவோரும் உளர். பழையவை நீங்குவதும் புதியவை சேர்வதும் குற்றமாகா என அச்சூத்திரம் கூறுவது உண்மையே. அந்நீக்கத்திற்குக் காரணமாக அது காலத்தைச் சுட்டுகிறது என்பதையும் உடன் நோக்க வேண்டும். காலத்தால் நீங்குவது எப்படி? ஒரு சொல்லை ஆயிரம் பேர் சிறிது சிறிதாகக் கைவிடுகின்றனர். அதே வேளையில் மற்றொரு சொல்லுக்குப் பழகுகின்றனர். இறுதியில் அச்சொல் நிகண்டில் மட்டும் வாழ்கிறது. பயன்படுத்துவோரே அங்கே கழிப்பவர். நிகண்டும் உரையும் அவர்தம் நினைவுக்கு எஞ்சி நிற்கும்.

மென்பொருளில் கழிப்பவர் வேறொருவர். பயன்படுத்துவோர் கைவிடாத ஒன்றை, செய்தவர் ஓர் இரவில் எடுத்துவிடுகிறார். அதற்கு அவர் கூறும் காரணங்களும் பொய்யல்ல. பழைய கட்டளைகள் ஒவ்வொன்றையும் காத்துவரப் பொருளும் ஆளும் செலவாகும். பழைய வடிவங்கள் வழியே பாதுகாப்புக் குறைகள் நுழையும். சிலரே பயன்படுத்தும் விருப்பங்கள் பலருக்குக் குழப்பம் தரும். இந்தச் 'சிலர்' என்னும் கணக்கில்தான் தமிழ் அடிபடுகிறது. உலகக் கணக்கில் டைப் 1 எழுத்துருவைத் தமிழில் பயன்படுத்துவோர் மிகச் சிலர். அச்சிலர் கையிலேயே ஒரு தலைமுறையின் கவிதைகளும் சிற்றிதழ்களும் இருந்தன என்பது அக்கணக்கில் ஏறாது.

7. மாவும் வேலியும்

மாற்றத்தை எவ்வாறு செய்யலாம் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் வந்தன. பட்டாவில் இன்று நிலம் ஹெக்டேரிலும் ஏரிலும் குறிக்கப்படுகிறது. எனினும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதி உழவரிடம் நிலம் எவ்வளவு என்று கேட்டால் மாவிலும் வேலியிலும் விடை வரும். இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். இவ்வாய்ப்பாடு எல்லார் நாவிலும் இருப்பதால், பட்டாவின் எண் எதுவாயினும் நிலம் தொலைந்துபோவதில்லை. மரக்காலும் கலமும் கிலோவுக்கும் குவிண்டாலுக்கும் இடம் விட்டபோதும் இப்படியே. புதிய அளவு அலுவலகத்திற்கு. பழைய அளவு வாய்ப்பேச்சிற்கு. இரண்டிற்கும் இடையே ஒரு வாய்ப்பாடு.

ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கியபோது கல்லணையை இடித்துவிட்டு அதனைச் செய்யவில்லை. மணற்பாங்கான ஆற்றில் அடித்தளம் நிற்கும் நுட்பத்தைப் பழைய அணையைக் கண்டே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டுள்ளார். மேலணை எழுந்தபின்னும் கல்லணை பணியிலிருந்து விலகவில்லை. புதிய மதகு நீரை முறையாகத் தரும்வரை பழைய வாய்க்காலைத் தூர்த்துவிடுதல் ஆகாது என்பது டெல்டாவில் எவரும் அறிந்த நடைமுறை. நாற்று நிற்கும்போது தூர்த்தால் அந்தப் பருவமே போகும்.

தமிழ்க் கணிமை உலகில் இவ்வாய்ப்பாட்டைச் செய்துதந்தவர்கள், அரசோ பெருநிறுவனமோ முன்வருமுன்னரே உழைத்த தனிமனிதர்களும் சிறு குழுக்களும் ஆவர். 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளை அவர்கள் விலையின்றி வழங்கியிராவிடில், 1990களின் தமிழ் எழுத்தில் பெரும்பகுதி இன்று புரியாத குறிக்குவியலாகவே நின்றிருக்கும்.

8. செய்யத்தக்கன

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் ஒன்று இதில் செய்யத்தக்கன சில உள. அவை பெரும்பொருள் வேண்டாதவை.

முதலாவதாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பழைய கோப்புகளையும் அவை எந்த எழுத்துருவில் ஆனவை என்பதையும் பட்டியலிடுதல் வேண்டும். எழுத்துருவின் பெயர் நினைவில் உள்ள அச்சுக்கோப்பாளர்கள் முதுமை எய்திக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இதுவே. கோப்புடன் எழுத்துருவையும் சேர்த்தே காத்தல் நன்று.

இரண்டாவதாக, அவற்றை யுனிகோடிற்கு மாற்றி, வெறும் உரைக்கோப்பாக ஒரு படி வைத்தல் வேண்டும். அழகிய பக்க அமைப்பு மென்பொருளோடு பிறந்து மென்பொருளோடு மறையும். வெறும் உரை பல மென்பொருள்களைக் கடந்து வாழும்.

மூன்றாவதாக, மாற்றிய உரையை அச்சுப் படியுடன் ஒப்புநோக்கி மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். ஔகாரம், ரகரம், ஆங்கிலச் சொல் கலந்த இடங்கள் ஆகியவற்றில் தனிக் கவனம் தேவை. ஆங்கிலத்தில் இருந்த பெயரையும் தமிழென்று கருதி மாற்றி உருக்குலைத்துவிடும் இயல்பு மாற்றிகளுக்கு உண்டு. பாடியவர் உயிரோடிருக்கையில் அவரே பார்த்தால் பாடவேறுபாடு பிறவாது. இல்லையேல் நூறாண்டு கழித்து ஒரு பதிப்பாசிரியர், எது கவிஞர் சொல், எது கணினிச் சொல் என்று ஆராய நேரும்.

நான்காவதாக, வட்டத்தின் வெளியீடுகள் அச்சிலும் நிலைபெற வேண்டும். 1954ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டத்தின்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கு அனுப்பவேண்டிய படியைப் பல சிறு பதிப்பாளர் அனுப்புவதில்லை. அனுப்பினால் ஒரு படியேனும் காப்பில் இருக்கும்.

இறுதியாக, மென்பொருள் செய்வோரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒன்றை நீக்குமுன் போதிய கால அறிவிப்பு; பழையதில் எழுதியதைப் புதியதற்குக் கொண்டுசெல்லும் வழி; பழகிய விசை முறையை வேண்டுவோர்க்கு அதனைத் தெரிவுசெய்யும் உரிமை. இம்மூன்றும் சலுகைகள் அல்ல. எழுதுபவரின் உழைப்பை நம்பித் தொழில் நடத்துவோர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன். தனிக்குரலுக்குச் செவி சாய்க்காத நிறுவனங்கள் கூட்டுக் குரலுக்கு இணங்கியதை, திரும்பி வந்த 'ஸ்டார்ட்' பொத்தான் காட்டியிருக்கிறது. தமிழ் எழுதுவோரும் உத்தமம் போன்ற அமைப்புகள் வழியாகவும் அரசின் வழியாகவும் தம் தேவையை எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.

தஞ்சையில் சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையும் உள்ளன. அங்கே காக்கப்பெறும் ஓலைகள், ஏதோ ஒரு தலைமுறையில் எவரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்ததால் எஞ்சியவை. ஓலை நைந்துபோகுமுன் புதிய ஓலையில் எழுதிவைப்பதைத் தமிழர் கடமையாகக் கொண்டிருந்த இடங்களில் நூல்கள் பிழைத்தன. அக்கடமை நின்ற இடங்களில் ஆற்றோடு போயின. இன்று படியெடுக்க எழுத்தாணி வேண்டாம். ஒரு மாலைப்பொழுதும் பிழை காணும் கண்ணும் இருந்தால் ஒரு தொகுப்பு மீளும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் தன் முதற்பணியாக இதனை மேற்கொள்ளுமாயின், உறுப்பினர் இல்லங்களில் குறுந்தகடுகளிலும் பழுதான கணினிகளிலும் கிடக்கும் கவிதைகள் அடுத்த ஆடிப்பெருக்கிற்குள் கரையேறிவிடும்.